கூட இருந்து வளர்த்தவர்கள்

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. பேராளர்கள் ஏறத்தாழ 1,200 பேர். அவர்களில் ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சிலரில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்போது அவருக்கு 35 வயது. அயல்நாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் சேர்ந்து பணியாற்றுவது பற்றிப் பேச அவரை அழைத்திருந்தார்கள்.

அவர் பேசியது அவையில் பலருக்கு உறுத்தியது. ஐரோப்பிய மிஷனரிகள் இந்தியாவுக்காகச் செய்த தியாகத்தை அவர் மறுக்கவில்லை. பொருளைக் கொடுத்தார்கள், உடலை வருத்தினார்கள், பலர் உயிரையே கொடுத்தார்கள் என்று நன்றியோடு எடுத்துச் சொன்னார். ஆனால் அதே மிஷனரிகள் தம்மோடு உழைக்கும் இந்தியரை வேலையாளாகவும் மாணவராகவும் பார்த்த அளவுக்குத் தோழராகப் பார்க்கவில்லை என்றார். மேலிருந்து கீழே குனிந்து பேசும் தொனி பலரை விட்டுப் போகவே இல்லை என்று அந்த மேடையிலேயே சொன்னார். முடிவில் அவர் கேட்டது ஒன்றுதான்: எங்களுக்கு நண்பர்கள் வேண்டும்.

கிறிஸ்தவ சபை வரலாற்றில் இந்தப் பேச்சு, இனப் பாகுபாட்டுக்கு எதிரான முதல் குரல்களில் ஒன்றாக நினைக்கப்படுகிறது. அது சரிதான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. விசுவாசத்தில் ஒருவர் மற்றொருவரை எப்படி வளர்ப்பது? பாடம் நடத்தினால் போதுமா? மேற்பார்வை செய்தால் போதுமா? பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, தன் வாழ்க்கையைத் திறந்து காட்ட வேண்டாமா? சபைகளில் இன்று சீடத்துவப் பயிற்சி என்று பேசுகிறார்கள். தனக்கென்று ஒரு வழிகாட்டி வேண்டும் என்று இளைஞர்கள் தேடுகிறார்கள். அசரியா எழுப்பிய கேள்விக்குத் தமிழ் மண்ணிலேயே இருநூற்றைம்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவத்தில் மகிழத் தக்கதும் உண்டு, வருந்தத் தக்கதும் உண்டு.

சுவிசேஷங்களைப் படித்தால் இயேசு பள்ளிக்கூடம் வைத்ததாகத் தெரியவில்லை. பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொண்டார். எதற்காக என்று மாற்கு எழுதும்போது, பிரசங்கிக்க அனுப்புவதற்கு முன்னால் வேறொரு காரணத்தை வைக்கிறார்: அவர்கள் தம்மோடுகூட இருக்க வேண்டும் என்பது. மீன் பிடிக்கிறவர்களும் வரி வசூலிக்கிறவரும் அடங்கிய அந்தக் குழு அவரோடு நடந்தது, படகில் போனது, பந்தியில் உட்கார்ந்தது, தவறு செய்து கடிந்துகொள்ளப்பட்டது. போதனை அந்த நடையின் நடுவிலேதான் வந்தது.

அடுத்த தலைமுறையில் பர்னபா என்று ஒருவர் வருகிறார். சபை வரலாற்றில் இவருக்குக் கிடைத்த புகழ் குறைவு. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது, யாரும் நம்பாத அந்த மனிதரைக் கையைப் பிடித்து அப்போஸ்தலரிடம் அழைத்துப் போனவர் பர்னபா. பிறகு அந்தியோகியாவில் வேலை பெருகியபோது, தர்சு பட்டணம்வரை போய்த் தேடி அவரை அழைத்து வந்தவரும் அவரே. அந்த சவுல்தான் பவுல் ஆனார். பின்னால் இருவரும் பிரிந்தார்கள். முதல் பயணத்தில் பாதி வழியில் திரும்பிப் போன இளைஞன் மாற்குவை மறுபடி அழைத்துப் போவதா என்பதில் சண்டை. பவுல் மறுத்தார். பர்னபாவோ மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். பல ஆண்டுகள் கழித்து, சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் பவுலே மாற்குவை அழைத்து வரும்படி கேட்கிறார், அவன் தனக்குப் பயன்படுவான் என்று. ஒரு தடவை தவறியவனைக் கைவிடாத ஒருவர் இருந்ததால் வந்த பலன் இது. இரண்டாவது சுவிசேஷத்தை எழுதியவர் இந்த மாற்குதான் என்பது பழைய சபை மரபு.

தமிழ்நாட்டில் இந்த முறையை வாழ்ந்து காட்டியவர்களில் முதன்மையாகச் சொல்லத் தக்கவர் கிறிஸ்தியான் பிரடரிக் சுவார்ட்ஸ். பிரஷ்ய நாட்டவர். 1726-ல் பிறந்து, ஹாலே நகரில் படிக்கும்போதே தமிழ் கற்று, 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பிறகு திருச்சிராப்பள்ளி, அதன்பின் தஞ்சாவூர். 1798-ல் தஞ்சையிலேயே இறந்தார். இடைப்பட்ட நாற்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரு முறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை.

திருச்சியில் அவரைப் பார்த்த ஆங்கிலேயர் ஒருவர் எழுதி வைத்த குறிப்பு இருக்கிறது. பழைய கட்டடம் ஒன்றில் ஓர் அறை. கட்டிலும் அவரும் மட்டும் கொள்ளும். சாப்பாடு சோறும் காய்கறியும், ஊர்ப் பக்குவத்தில் சமைத்தது. உடுப்புக்குக் கறுப்புச் சாயம் தோய்த்த சாதாரணத் துணி. இதைச் சிக்கனம் என்று மட்டும் படிக்கக் கூடாது. அவருடைய உபதேசிமார் தம் வீட்டிலே என்ன சாப்பிட்டார்களோ அதையே அவரும் சாப்பிட்டார். அதனால் அவர் சொன்னது அவர்கள் காதில் ஏறியது.

உபதேசியார் என்ற பொறுப்பை இன்றைய வாசகர் பலர் அறியமாட்டார்கள். குருப்பட்டம் பெறாதவர்; ஆனால் ஊர் ஊராகப் போய் வேதம் சொல்லிக் கொடுத்து, புதிதாக வந்த குடும்பங்களைச் சந்தித்து, ஜெபக் கூட்டம் நடத்தி, சண்டையைத் தீர்த்து, சாவு வீட்டில் நிற்பவர். தென்னிந்தியச் சபைகள் நின்றதே இவர்கள் தோளில்தான். சுவார்ட்ஸ் காலையில் உபதேசிமாரைக் கூட்டி, அவர்களோடு ஜெபித்து, யார் எந்த ஊருக்கு, யாரைச் சந்திக்க என்று அனுப்புவார். மாலையில் அவர்கள் திரும்பி வந்து, யார் என்ன கேட்டார்கள், தாம் என்ன பதில் சொன்னோம் என்று விவரிப்பார்கள். எங்கே தடுமாறினார்களோ அங்கே பேச்சு நிற்கும். அதுதான் அன்றைய பாடம். சில சமயம் அவரே அவர்களைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போவார். எதிர்க்கேள்வி கேட்பவரிடம் கோபப்படாமல் பேசுவது எப்படி என்று அவர்கள் பார்த்தே கற்றார்கள்.

இந்தப் பட்டறையில் உருவானவர்களில் ஒருவர் சத்தியநாதன். 1790 டிசம்பரில் தஞ்சையில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அன்று அவர் தமிழில் செய்த பிரசங்கத்தை லண்டனிலுள்ள கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்டது. தமிழ்ப் போதகர் ஒருவரின் பிரசங்கத்தை அந்தக் காலத்தில் லண்டனில் படித்தார்கள் என்பது சாதாரணச் செய்தி இல்லை. தரங்கம்பாடியில் பிறந்த யோவான் காஸ்பர் கோலாப் இன்னொருவர். சுவார்ட்ஸ் தம் வீட்டிலேயே மகன் போல வளர்த்தவர். 1787-ல் குருவாகி, ஆசிரியர் போன பிறகும் நீண்ட காலம் தஞ்சைச் சபையைத் தாங்கினார்.

மூன்றாமவர் கவிஞர். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம். பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ், பன்னிரண்டு வயதளவில் இருந்த இந்தப் பையனின் கூர்மையைக் கண்டு, தகப்பனாரிடம் கேட்டுத் தம்மோடு தஞ்சைக்கு அழைத்துப் போனார். பிறகு தரங்கம்பாடிக்கும் அனுப்பிப் படிக்க வைத்தார். பத்தொன்பது வயதளவிலேயே தஞ்சைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக்கினார். சுவார்ட்ஸ் ஜெர்மானியர்; கீர்த்தனையும் குறவஞ்சியும் அவர் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அவர் செய்தது, பையனிடம் ஏற்கெனவே இருந்த தமிழை ஒடுக்காமல் விட்டது. அந்தப் பையன் பின்னாளில் எழுதிய பெத்லகேம் குறவஞ்சி பிறந்தது இந்த விடுதலையில்தான். வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இன்றும் தமிழ்ச் சபைகள் பாடுகின்றன.

அதே காலத்தில் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்த இன்னொரு பையன் தஞ்சை இளவரசர் சரபோஜி. அரண்மனை உட்பகையில் அவர் உயிருக்கும் படிப்புக்கும் ஆபத்து வந்தபோது, சுவார்ட்ஸ் தலையிட்டுச் சென்னைக்கு அனுப்பிக் கல்வி கிடைக்கச் செய்தார். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். சரசுவதி மகால் நூலகத்தை வளப்படுத்திய அரசராகத் தமிழர் அவரை அறிவர். தம்மை வளர்த்த பாதிரியாரின் நினைவாக லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் சலவைக்கல் சிற்பம் செய்வித்துத் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் வைத்தார். மதம் மாறினால்தான் அன்பு என்ற நிபந்தனை அந்த உறவில் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆன்மிக வழிகாட்டல் என்பதே ஆள் சேர்ப்பு என்று நினைப்பவர்கள் இருபக்கமும் உண்டு.

பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற பெண்மணி இருந்தார். தஞ்சை மராட்டிய பிராமணக் குலத்து விதவை. ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர். அந்த அதிகாரியிடமே கிறிஸ்தவம் பற்றிக் கேட்டறிந்து ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாத அந்த உறவைக் காரணம் காட்டி சுவார்ட்ஸ் மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு, 1778-ல் கொடுத்தார். மறுத்தபோதும் அவர் அந்தப் பெண்ணை ஒதுக்கிவிடவில்லை என்பதும், மறுப்பைக் கேட்ட அந்தப் பெண் விலகிப் போய்விடவில்லை என்பதும் கவனிக்க வேண்டியவை. 1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தவை நாற்பது பெயர்கள். அந்தச் சிறு கூட்டத்தைக் கூட்டிக் காத்தவர் கிளாரிந்தாதான். அவர் முயன்று கட்டிய கோயில் 1785-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஊர் மக்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே சொல்வார்கள். சபையை வளர்க்க ஆள் வேண்டும் என்று அவர் தஞ்சையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதன் பலனாகத்தான் சத்தியநாதன் தெற்கே போனார்.

ஆனால் சுவார்ட்ஸ் விட்டுச் சென்றதில் ஒரு கறையும் இருந்தது. சபைக்குள் சாதிப்படி தனித்தனியாக உட்காருவதை அவர் பொறுத்துக்கொண்டார். காலப்போக்கில் கரைந்துவிடும் என்று எண்ணியிருக்கலாம். கரையவில்லை. 1820-களில் புதிய மிஷனரிகள் அதை ஒழிக்க முயன்றபோது, அவர் வளர்த்த வேதநாயகம் சாஸ்திரியாரே பழைய வழக்கத்துக்காக வாதாடி, பதவியையும் இழந்தார். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சைச் சபை கலகலத்தது. ஆசிரியரின் பக்தியும் எளிமையும் எப்படிச் சீடனுக்கு வந்தனவோ, அப்படியே ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்ட இடமும் வந்தது. பிறரை வளர்க்கத் துணிகிறவர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நாம் பேசாமல் விட்டதையும் அவர்கள் பாடமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

தெற்கே சங்கிலி தொடர்ந்தது. தஞ்சையில் பயிற்சி பெற்ற தாவீது சுந்தரானந்தம் தம் சொந்த நாடார் மக்களிடம் உபதேசியாராகப் போனார். 1799-ல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உருவானது. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், உபதேசிமாருக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். ஊர் ஊராகச் சபையும் பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் வந்தன. அப்படி வளர்ந்த சேகரங்களில் ஒன்று வெள்ளாளன்விளை. அங்கே குருவானவராக இருந்தவர் தாமஸ் வேதநாயகம். அவருடைய மகன்தான் எடின்பரோ மேடையில் நின்றவர்.

அசரியா 1874 ஆகஸ்ட் 17-ல் பிறந்தார். பதினைந்து வயதளவில் தகப்பனாரை இழந்தார். தாயார் எல்லன் கண்டிப்பும் ஜெபமும் நிறைந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பட்டம் வாங்காமலே வெளியேறி, 1895-ல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில், அதாவது ஒய்.எம்.சி.ஏ.வில், செயலாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஷெர்வுட் எடி வந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், வசதியான குடும்பம். இவரும் பிள்ளைப் பருவத்தைக் கிராமத்தில் கழித்த அசரியாவும் சேர்ந்து தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார்கள். எடி தமிழ் கற்றார். ஒன்றாகத் தங்கினார்கள், ஒன்றாக ஜெபித்தார்கள், ஒருவர் குறையை மற்றவர் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். யார் குரு, யார் சீடன் என்று பிரிக்க முடியாத உறவு அது. எடின்பரோவில் நண்பர்கள் வேண்டும் என்று கேட்டபோது அசரியா கற்பனையில் கண்ட ஒன்றைக் கேட்கவில்லை. அனுபவித்த ஒன்றைக் கேட்டார்.

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாமே காசு சேர்த்து, கடல் கடந்து தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பி வந்தார்கள். அதைக் கண்டு வெட்கமும் உற்சாகமும் சேர்ந்து வந்தன அவருக்கு. நூறு ஆண்டுக்கு மேல் பிறரிடம் வாங்கியே பழகிய திருநெல்வேலிச் சபை, இன்னும் யாரையும் எங்கும் அனுப்பவில்லையே! 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம். 1905 டிசம்பர் 25 அன்று வங்காளத்தின் செராம்பூரில், வில்லியம் கேரியின் நூலகத்தில், தேசிய மிஷனரி சங்கம் உருவானது. சேலத்துக்காரரான கே.டி. பால் அதில் அவருக்குத் துணை நின்றார்.

திருநெல்வேலிச் சங்கம் தெரிந்துகொண்ட களம், நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல். தெலுங்கு நாடு. ஊழியரை அனுப்பிவிட்டு அறிக்கை படித்துக்கொண்டிருக்க அசரியாவுக்கு மனம் ஒப்பவில்லை. 1909-ல் நல்ல வேலையை விட்டுவிட்டுக் குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு மரியம்மாளோடும் பிள்ளைகளோடும் தாமே அங்கே போனார். முப்பத்தைந்தை நெருங்கும் வயதில் தெலுங்கு எழுத்தைக் கற்றார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா பவுல் பேராலயத்தில் அவரை ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் செய்தார்கள்.

தோர்ணக்கலில் அவர் எதிர்கொண்டது மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் பெருங்கூட்டம். பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலிகள். கடனில் மூழ்கியவர்கள். புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்த வழியில்லை. ஆகவே கதையும் பாட்டும் பாடப்புத்தகமாயின. இயேசுவின் உவமைகளையும் அற்புதங்களையும் வாய்மொழியாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, தெலுங்கு மெட்டில் பாட வைத்தார்கள். அழுக்கு, நோய், கடன், குடி இந்த நான்கும் விரட்ட வேண்டிய பிசாசுகள் என்று பேராயர் போகிற ஊரெல்லாம் சொன்னார். ஆன்மிக வளர்ச்சி என்றால் ஜெப நேரம் மட்டும் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. வீட்டு முற்றமும் கள்ளுக்கடைக் கணக்கும் அதற்குள் அடங்கின.

கிராமத்துக்குப் போகும் ஆசிரியரைத் தனியாக அனுப்புவதையும் அவர் விரும்பவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து தோர்ணக்கலுக்கு வந்து பயில வேண்டும். கணவன் படித்து மனைவி படிக்காவிட்டால், அந்தக் கிராமத்துப் பெண்களிடம் பேச ஆளில்லாமல் போகும் என்பது அவர் கணக்கு. அன்பு மரியம்மாள் அந்தப் பெண்களோடு வேலை செய்தார். அவரே திருநெல்வேலிப் பக்கத்தில் கல்லூரிவரை படித்த முதல் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர்.

தஞ்சையில் விட்ட பிழையைத் தோர்ணக்கலில் விடவில்லை. மாலாக்களும் மாதிகாக்களும் ஒருவரை ஒருவர் தாழ்வாக நினைத்தவர்கள். ஒரு பந்தியில் உட்காராதவர்கள். அசரியா அவர்களை ஒரே கோயிலில் உட்கார வைத்து, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து வாங்கச் செய்தார். இதில் தளர்வு காட்ட மறுத்தார்.

எல்லாவற்றிலும் துணிச்சலானது ஒன்று உண்டு. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களை, ஈரம் காயாத தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வார். சுவிசேஷத்தை அறிவியாவிட்டால் தனக்கு ஐயோ என்று பவுல் எழுதிய கருத்து அது. படிப்பில்லாத, நேற்றுவரை ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு கூலிப் பெண்ணிடம், உனக்குக் கிடைத்ததை நீ இன்னொருவருக்குச் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்று பேராயர் ஒருவர் பொறுப்பைக் கொடுக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை சாட்சி வாரம் என்று ஏற்படுத்தி, சபை மக்கள் எல்லாரும் பக்கத்து ஊர்களுக்குப் போய்த் தம் வாழ்வில் நடந்ததைப் பேசும்படி செய்தார். வளர்ந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கொடுக்கும்போதுதான் வளர்வார்கள் என்பது அவர் கண்டது.

1945 ஜனவரி 1-ல் அசரியா இறந்தபோது அந்தத் திருமண்டலத்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட விசுவாசிகள் இருந்தார்கள். குருமார் பெரும்பாலும் அந்த மண்ணின் மக்கள். இந்தப் பெருக்கத்தைக் காந்தி விமர்சித்தார். ஏழைகளின் கூட்டமான மதமாற்றத்தை அவர் ஏற்கவில்லை. அசரியாவோ, அந்த ஏழைகளுக்கும் தாமாகத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு, அவர்கள் நடத்தை மாறியதைக் கண்டுதான் மற்றவர்கள் வருகிறார்கள் என்றார். இருவரும் நாட்டை நேசித்தவர்கள். கருத்து வேறுபாடு கடைசிவரை தீரவில்லை.

கடலுக்கு அப்பால் ஏறத்தாழ இதே காலத்தில் நடந்த ஒரு சின்னச் சம்பவமும் இங்கே பொருந்தும். கலிபோர்னியாவில் மரக்கடை ஒன்றில் வேலை பார்த்துவந்த டாசன் டிராட்மன், 1933-ல் லெஸ் ஸ்பென்சர் என்ற கடற்படை மாலுமிக்கு வேதம் படிக்கக் கற்றுக் கொடுத்தார். வேத வசனங்களை மனப்பாடம் செய்வது, ஜெபிப்பது, சந்தேகத்தைக் கேட்பது எல்லாம் தனித்தனியாக, நேருக்கு நேர். கப்பலில் ஸ்பென்சரின் மாற்றத்தைக் கண்ட சக மாலுமி ஒருவர் காரணம் கேட்டார். ஸ்பென்சர் அவரை டிராட்மனிடம் அழைத்து வந்து, எனக்குச் சொன்னதை இவருக்கும் சொல்லுங்கள் என்றார். டிராட்மன் மறுத்துவிட்டார், நீயே சொல்லிக் கொடு என்றார். அந்த ஒரு மறுப்பிலிருந்து அந்தக் கப்பலிலேயே நூற்றுக்கு மேற்பட்டோர் ஒருவர் மூலம் ஒருவராகக் கற்றார்கள். நேவிகேட்டர்ஸ் என்ற உலகளாவிய இயக்கம் அப்படித்தான் பிறந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் இந்த முறையைப் பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் விவரித்திருக்கிறார்: தன்னிடம் கேட்டதை அவன் உண்மையுள்ள மனிதரிடம் ஒப்படைக்க வேண்டும், அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்க வேண்டும்.

இதில் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1970-களில் அமெரிக்காவின் புளோரிடாவில், தமிழ்க் கிறிஸ்தவர் பலரும் அறிந்த டெரெக் பிரின்ஸ் உட்பட ஐந்து பிரபலப் போதகர்கள் சேர்ந்து மேய்ப்பு இயக்கம் ஒன்றை நடத்தினார்கள். ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பருக்கு நேரடியாகக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பது திட்டம். தொடக்க நோக்கம் நல்லதுதான். போகப் போக, எந்த வேலைக்குப் போவது, யாரைக் கட்டிக்கொள்வது, எந்த ஊருக்குக் குடிபோவது என்பதற்கெல்லாம் மேய்ப்பரின் அனுமதி தேவை என்ற நிலை பல இடங்களில் வந்தது. குடும்பங்கள் உடைந்தன. 1980-களில் இயக்கம் கலைந்தது. டெரெக் பிரின்ஸ் விலகிக்கொண்டார். ஐவரில் ஒருவரான பாப் மம்ஃபோர்ட் பின்னாளில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆன்மிகத்தின் பெயரால் ஒருவர் மனச்சாட்சியை மற்றொருவர் கையில் எடுத்துக்கொள்வது, நம் ஊர் ஜெபக் குழுக்களிலும் நடக்கக் கூடியதே. தீர்க்கதரிசனம் என்று சொல்லிப் பெண் பார்ப்பதும், கேள்வி கேட்டவரைக் கலகக்காரர் என்று ஒதுக்குவதும் அதே நோய்.

அடையாளம் கண்டுகொள்ளச் சில கேள்விகள் உதவும். வழிகாட்டுகிறவர் தம்மைத் திருத்த யாரையாவது அனுமதிக்கிறாரா? அவரிடம் வருகிறவர் மற்ற நண்பர்களிடமிருந்தும் வீட்டாரிடமிருந்தும் மெல்ல மெல்லத் துண்டிக்கப்படுகிறாரா? பணம் கைமாறுகிறதா? மூடிய அறையில், யாரும் அறியாமல் சந்திப்பு நடக்கிறதா? பிள்ளைகளும் இளம்பெண்களும் இருக்கும் இடத்தில் கடைசிக் கேள்வியைச் சபையே கேட்டாக வேண்டும்; கூச்சப்பட்டு விட்டுவிடக் கூடாது. மனச்சோர்வு, குடிப்பழக்கம், வீட்டு வன்முறை போன்றவை வெளிப்படும்போது ஜெபத்தோடு மருத்துவரையும் சட்ட உதவியையும் காட்டிவிடுவதும் வழிகாட்டியின் கடமைதான்.

சபையில் பத்து இருபது ஆண்டு பழகியவர்களிடம் ஓர் இளைஞனை ஒப்படைத்தால், எனக்கு என்ன தெரியும், வேதாகமக் கல்லூரியா படித்தேன் என்று தயங்குவார்கள். தோர்ணக்கல் கூலி மக்கள் அந்தத் தயக்கத்துக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், பலர் வந்து போகும் இடம். கோயில் திண்ணை போதும், தேநீர்க் கடைப் பெஞ்சும் போதும். மாற்கு சுவிசேஷத்தில் பதினாறு அதிகாரங்கள். வாரத்துக்கு ஒன்று என்றால் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். இருவரும் முன்கூட்டியே படித்து வர வேண்டும். இந்த அதிகாரத்தில் என்ன நடந்தது, எது புரியவில்லை, இந்த வாரம் எதை மாற்றிக்கொள்ளலாம் என்ற மூன்று கேள்விக்கு மேல் தேவைப்படாது. மூன்றாவது கேள்விக்கு மூத்தவரும் பதில் சொல்ல வேண்டும், அதுவும் முதலில். போன வாரம் மனைவியிடம் கத்திவிட்டேன் என்று ஐம்பது வயதுக்காரர் ஒப்புக்கொண்டால், இருபது வயதுக்காரன் தன் கைப்பேசியில் என்ன பார்க்கிறான் என்பதைச் சொல்லத் துணிவான். பாதி நாள் பேச்சு வேதத்தை விட்டுத் தேர்வு, வேலை, காதல், வீட்டுக் கடன் என்று போகும். போகட்டும். சுவார்ட்ஸின் மாலை நேரங்களும் அப்படித்தான் போயிருக்கும்.

மருத்துவமனைக்கு ஒரு நோயாளியைப் பார்க்கப் போகும்போது அவனையும் கூட்டிப் போகலாம். சாவு வீட்டில் என்ன பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்பதை வேறெங்கும் கற்க முடியாது. நான்காம் மாதக் கடைசியில் அவனிடம் ஒரே ஒரு வேலை கொடுக்க வேண்டியிருக்கும்: அடுத்து மாற்கு சுவிசேஷத்தை அவன் யாரோடு படிக்கப் போகிறான் என்று ஒரு பெயரைச் சொல்லச் சொல்வது.